மழைக்கு முன் மரத்தை மொட்டையடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததுமே சென்னையிலும் புறநகரிலும் வீட்டுக்காரர்கள் மரம் வெட்டும் ஆட்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். "மழைக்கு முன்னாடி ஒரு தடவை கழிச்சு விட்டுடுங்க, புயல் வந்தா வீட்டு மேல விழுந்துடப் போகுது" என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஆட்கள் வருகிறார்கள். ஒரே பகலில், பல பத்தாண்டுகள் வளர்ந்த வேம்பு நடுமரமும் மூன்று மொட்டைக் கொம்புகளுமாக நிற்கிறது. இனிப் பயமில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். அந்த மழைக்காலத்தில் அந்த மரம் விழாமல் இருக்கலாம். மூன்றாவது, நான்காவது மழைக்காலத்தில் அது முன்பைவிட ஆபத்தான மரமாகிவிடும். ஏன் அப்படி ஆகிறது, அதற்குப் பதிலாக எப்படி வேலை வாங்க வேண்டும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைக் கிடத்திவிட்டுப் போனது. ஆனால் புயலில் மரம் விழுவது உயரத்தால் மட்டும் அல்ல. வேரோடு சாயும் மரத்தின் அடியைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்: வடிகாலுக்கோ கேபிளுக்கோ தோண்டியபோது ஒரு பக்கத்து வேர் முழுதும் வெட்டுப்பட்டிருக்கும், அல்லது கன்றாக இருந்தபோது பிளாஸ்டிக் பைக்குள் சுருண்ட வேர் அப்படியே சுருண்டு பருத்திருக்கும், அல்லது தூரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டதில் வேர் அழுகியிருக்கும். குல்மோகர், மஞ்சள் பூப் பூக்கும் பெருங்கொன்றை போன்றவை வேர் மேலாகவே ஓடுபவை, கொம்பும் எளிதில் முறிபவை. இந்தக் குறைகளில் ஒன்றைக்கூட உச்சியை வெட்டிச் சரிசெய்ய முடியாது.

மொட்டையடித்த பிறகு மரத்துக்குள் நடப்பது இது. இலைதான் மரத்தின் அடுப்படி. அது மொத்தமாகப் போனதும், நடுமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மரம் அவசர அவசரமாகத் துளிர்க்கிறது. வெட்டிய கொம்பின் நுனியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குள் பத்து, பதினைந்து துளிர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பியிருக்கும். இயல்பாக வளர்ந்த கிளையின் அடி நடுமரத்தின் உள்கட்டை வரை போய் ஆண்டுதோறும் பின்னிக்கொண்டே வந்திருக்கும். இந்தத் துளிர்களுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பட்டைக்கு அடியில் உறங்கிய மொட்டுகளிலிருந்து வந்தவை என்பதால் மேல் அடுக்கோடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை வளரும் வேகமோ அதிகம்; இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய உயரத்தைத் தொட்டுவிடும். அதே காலத்தில் வெட்டுவாய் வழியாகத் தண்ணீரும் பூஞ்சையும் இறங்கி, கொம்பின் நடுக்கட்டை மேலிருந்து கீழாக மக்கிக்கொண்டு வரும். ஆக, நான்காவது ஆண்டில் மக்கிய கட்டையின் ஓரத்தில், தொடை கனத்தில், இலை அடர்ந்த பத்துக் கொம்புகள். காற்று அடித்தால் பட்டையோடு பிய்ந்து வருவது இவைதான்.

இத்தோடு முடிவதில்லை. இத்தனை காலம் இலை நிழலில் இருந்த பட்டை திடீரென மேற்கு வெயிலைத் தாங்காமல் வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்டுத் துளைப்பான் புகும். இலையிலிருந்து வர வேண்டிய சத்து வராததால் உறிஞ்சு வேர்களில் ஒரு பகுதி பட்டினியில் மடியும். அதாவது உச்சியைக் குறைத்தால் பாரம் குறையும் என்று நினைத்த வீட்டுக்காரர், தெரியாமலே மரத்தின் பிடியையும் குறைத்துவிடுகிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் கூலி கொடுத்து வெட்ட வேண்டிய நிலையும் வந்துவிடும்.

சரியான கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்கும் முறைக்கு, அடிப்படையாக இருப்பது அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய தாவரநோய் அறிஞர் அலெக்ஸ் ஷைகோவின் ஆய்வு. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977-ல் அவர் வெளியிட்ட விளக்கத்தைத்தான் இன்று உலகெங்கும் மரப் பராமரிப்பில் பின்பற்றுகிறார்கள். நம் உடம்பில் காயம் பட்ட இடத்தில் புதுச்சதை வருகிறது. மரத்தில் காயம்பட்ட கட்டை காயம்பட்டதாகவே உள்ளே கிடக்கும். அதைச் சுற்றி மரம் தடுப்புகளை எழுப்பி அழுகலை அடைத்து வைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையைச் சுற்றி வளர்க்கும். அந்தத் தடுப்பு எங்கே வலுவாக எழும் என்பது வெட்டும் இடத்தைப் பொறுத்தது.

ஒரு வேப்பங்கிளை நடுமரத்தில் சேரும் இடத்தைக் கவனியுங்கள். மேல்பக்கம், கவட்டில், கறுப்பாக, சொரசொரவென்று ஒரு பட்டை மடிப்பு ஓடும். கீழ்ப்பக்கம் கிளையின் அடி வளையம்போல் சற்றுப் புடைத்திருக்கும். இதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். காயத்தை மூடும் திசுவும் பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருளும் சேர்ந்திருப்பது இங்கேதான். வெட்டு இந்தக் கழுத்துக்கு ஒட்டினாற்போல வெளியே விழ வேண்டும். கழுத்தின் மேல் படக்கூடாது. நடுமரத்தோடு மட்டமாக வழித்து வெட்டுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் கழுத்தே போய்விடுவதால் அழுகல் நடுமரத்துக்குள் இறங்கிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழம் கட்டையை விட்டு வெட்டுவதும் தவறு. அந்தக் கட்டைக்கு இலையும் இல்லை, சத்தும் இல்லை. அது காய்ந்து மக்கி, அழுகலை உள்ளே அழைத்துப்போகும் வழியாகிவிடும்.

கை மணிக்கட்டைவிடப் பருத்த எந்தக் கிளையையும் மூன்று வெட்டில்தான் எடுக்க வேண்டும். முதல் வெட்டு, நடுமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கீழிருந்து மேலாக, கிளையின் கனத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. இரண்டாவது வெட்டு, அதைவிட 2, 3 அங்குலம் வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக. கிளை தன் பாரத்தில் முறிந்து விழும்போது பட்டை உரிவது முதல் வெட்டோடு நின்றுவிடும். மீதமுள்ள அடிக்கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டு. மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டால் கிளை பாதியில் மடங்கி, நடுமரத்துப் பட்டையை இரண்டு மூன்று அடிக்கு உரித்துக்கொண்டு விழும். நம் தெருவோர மரங்களில் நீளவாக்கில் காணும் காயங்களில் பல இப்படி வந்தவை. அரிவாள் கட்டைவிரல் கனத்துக் குச்சிக்குச் சரி. அதற்கு மேல் வளைந்த கவாத்து ரம்பமோ செயின் சாவோதான் வேண்டும், ஏனென்றால் அரிவாள் வெட்டுவாயைச் சிதைத்துப் பிளவு விடும். நோய் கண்ட மரத்தில் பயன்படுத்திய ரம்பத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், செம்மண், சாணி எதுவும் வேண்டாம். தார் அடைப்பின் கீழ் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு வசதியாகிறது. மாவிலும் தென்னையிலும் மட்டும், மழை நாளில் வெட்ட நேர்ந்தால், மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற கணக்கில் போர்டோ பசை தடவலாம். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலக்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. பொந்துக்குச் சிமென்ட் அடைப்பதை இன்னும் சிலர் செய்கிறார்கள். மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. இடையில் விழும் இடைவெளியில் தண்ணீர் நின்று பொந்து பெரிதாகும். பொந்து வைத்த மரம் எல்லாமே விழும் என்பதும் இல்லை. பொந்தைச் சுற்றி உள்ள நல்ல கட்டையின் கனம், மரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் தண்டு பொதுவாகத் தாங்கும். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் வெற்றொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரளவு பிடிபடும்.

எவ்வளவு வெட்டலாம் என்பது அடுத்த கேள்வி. ஓர் ஆண்டில் பச்சை இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முதிர்ந்த மரமானால் பத்தில் ஒரு பங்கே அதிகம். 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள காயம் மூடுமுன்பே உள்ளே அழுகல் இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம், எனவே பெரிய கிளையை எடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். மாடிச் சுவரைத் தொடும் நீளக் கிளையை அடியோடு எடுப்பதைவிடக் குறுக்குவது நல்லது. ஆனால் நினைத்த இடத்தில் குறுக்கக்கூடாது. வெட்டும் இடத்தில் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை இருக்க வேண்டும்; அந்தப் பக்கக்கிளைதான் இனி நுனியாக இருந்து அந்தக் கிளையைப் பிழைக்க வைக்கும். இன்னொரு தவறு, காற்று போகட்டும் என்று உள்பக்கத்துச் சின்னக் கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக்கொத்தை விடுவது. பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விடும், புயலில் கிளை நடுவில் முறியும். மின்கம்பி ஓடும் பக்கத்தை மட்டும் ஆண்டுதோறும் செதுக்கி, வீட்டுப் பக்கத்தை அப்படியே விட்ட மரங்களையும் பார்க்கலாம். பாரம் எந்தப் பக்கம் சேருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, காய்ந்த கிளையை எப்போதும் எடுக்கலாம். பச்சைக் கிளையானால் ஆடி முதல் ஆவணி நடு வரை செய்தால், ஐப்பசி மழைக்குள் காயம் மூடத் தொடங்கியிருக்கும். புரட்டாசிக் கடைசியில் வெட்டுவது, திறந்த காயத்தோடு மரத்தை மழைக்குள் அனுப்புவது. மாமரத்தைக் காய் பறித்த கையோடு, ஆனி ஆடியில் செய்துவிட வேண்டும். ஐப்பசியில் கை வைத்தால் மார்கழி, தையில் பூக்க வேண்டிய கொம்புகள் போய்விடும். முருங்கை ஒன்றுதான் விதிவிலக்கு. அது முறிவதற்கென்றே வளர்வதுபோல் மென்மையான மரம், காய்ப்பு முடிந்ததும் இடுப்புக்குச் சற்று மேலே வெட்டிவிடுவது பழகிய முறை, அதற்கு அது பொருந்தும். வேம்புக்கும் புங்கைக்கும் அதையே செய்வதுதான் சிக்கல்.

தென்னைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கட்டமைப்பிலேயே வேறு. தென்னந்தண்டில் காயம் எந்தக் காலத்திலும் மூடாது. ஏறுவதற்கு வெட்டும் படியும், கொடிக்கயிறு கட்ட அடிக்கும் ஆணியும் கடைசி வரை அப்படியே இருக்கும், சிவப்புக் கூன்வண்டு முட்டையிட அந்தக் காயமே இடமாகிவிடும். நல்ல மரத்தில் 30 முதல் 40 மட்டை இருக்கும். மாதம் ஒரு மட்டை வீதம் வரும், ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. சுத்தமாக இருக்கட்டும் என்று பச்சை மட்டையை வெட்டினால் வெட்டிய அளவுக்குக் குலையும் குறையும், தாங்கு மட்டை இல்லாத குலை ஒடிந்து தொங்கும். படுக்கைமட்டத்துக்குக் கீழே தொங்கும் காய்ந்த மட்டையை மட்டும் எடுத்தால் போதும். தலையில் தேங்காய் விழும் பயத்துக்கு மட்டை வெட்டுவது தீர்வல்ல. 45 நாளுக்கு ஒருமுறை காய் இறக்கி, காய்ந்த பாளையையும் பன்னாடையையும் சுத்தம் செய்ய வேண்டும். விரிந்த மட்டையில் விசிறி வடிவ வெட்டு தெரிந்தால் காண்டாமிருக வண்டு வந்துவிட்டது என்று பொருள். அதே ஏற்றத்தில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைக் கக்கங்களில் போடச் சொல்லுங்கள்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது வீட்டுத் தென்னைகளிலும் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்திய கார் பிசுபிசுப்பதும், கீழ் மட்டை கரி பூசியதுபோல் ஆவதும் அதன் அடையாளம். பார்த்துப் பயந்து பூச்சிமருந்து அடித்தால், அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். மோட்டார் வைத்துத் தண்ணீரை விசையாக அடிப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும் போதும். தண்டின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்தால் அலட்சியம் வேண்டாம். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் தெரிய வந்ததால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோய் அது. ஆரம்பமாக இருந்தால் 1 சத போர்டோ கலவை 40 லிட்டரைத் தூரைச் சுற்றி ஊற்றி, ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு வைத்துக் காப்பாற்ற முயலலாம். அடித்தண்டில் காளான் முளைத்துவிட்டால், வீட்டை ஒட்டி நிற்கும் மரத்தை எடுத்துவிடுவதே நல்லது.

இனி வேர். வீட்டு மரங்களின் விதியை முடிவு செய்வது உச்சியைவிட வேர்தான், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆணிவேர் ஆழத்தில் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது பொதுநம்பிக்கை. வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி தரைக்குக் கீழே 2 அடிக்குள், கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் படர்ந்திருக்கும். காக்க வேண்டிய எல்லையைக் கணக்கிட எளிய வழி உண்டு. தரையிலிருந்து 4½ அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். அதை 12-ஆல் பெருக்கினால் வேர் எல்லையின் ஆரம். சுற்றளவு 125 செ.மீ. என்றால் விட்டம் 40 செ.மீ., ஆரம் 4.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய 16 அடி. அரை கிரவுண்டு மனையில் இந்த வட்டம் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். அதனால் பக்கத்து வீட்டார் அஸ்திவாரம் தோண்டுவதும் உங்கள் மரத்தைப் பாதிக்கும்.

இந்த எல்லைக்குள் பள்ளம் எடுத்தே ஆக வேண்டுமானால் இயந்திரம் வேண்டாம், கடப்பாரை, மண்வெட்டி போதும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட வேர் வந்தால் வெட்டாமல் அதன் அடியில் குழாயை நுழைக்கலாம். விட்டத்தைப்போல் 3 மடங்கு தூரத்துக்குள், அந்த 40 செ.மீ. மரத்துக்கு 1.2 மீட்டருக்குள், பெரிய வேரை வெட்டினால் நிற்கும் பிடியே போய்விடும். அப்படி வெட்டுப்பட்ட மரம் உடனே வாடாது. பச்சையாகவே இருந்து, மண் ஊறிய ஒரு மழை இரவில் சாயும். ஜேசிபி வாளி பிய்த்த வேரை அப்படியே மூடிவிடாமல், பிசிறு இல்லாமல் ரம்பத்தால் அறுத்து, அன்றே மண்ணிட்டு நனைத்துவிட வேண்டும்.

மனையை உயர்த்துவது இன்னொரு பெருங்கேடு. வெள்ளம் வந்த பகுதிகளில் சாலை உயர, வீட்டு முற்றத்தையும் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். வேருக்குக் காற்று வேண்டும். அரை அடி மண்ணும் அதன் மேல் பேவர் கல்லும் அந்தக் காற்றை அடைத்துவிடும். நல்ல மரத்தின் அடி தரையைத் தொடும் இடத்தில் விரிந்து இறங்க வேண்டும். மின்கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போனால், அடிப்பட்டை மண்ணில் புதைந்து அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கையால் கவனமாகத் தோண்டி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியும் வரை மண்ணை எடுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. நம் முற்றத்திலும் குறைந்தது அந்த ஒரு மீட்டரையாவது மண்ணாக விடலாம். அதில் உதிர்ந்த இலையை 2, 3 அங்குலம் மூடாக்காகப் போடலாம், பட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. கோடையில் தண்ணீர் விடுவதும் தூரில் அல்ல, கிளை விரிந்த எல்லைக்குக் கீழே.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. முன்பு இல்லாத சாய்வு புதிதாக வந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து எழும்பியிருந்தால் காத்திருக்க நேரமில்லை, மரம் சாயும் பக்கம் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். சின்ன வயதிலிருந்தே சாய்ந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரம் அப்படி ஆபத்தில்லை. இரண்டு தண்டுகள் குறுகலாகச் சேர்ந்து, சேரும் இடத்தில் பட்டை உள்ளே மடங்கி, கீழ்நோக்கி விரிசல் ஓடினால் அது காற்றில் பிளக்கும். ஒரு தண்டைப் பல ஆண்டுகளில் படிப்படியாகக் குறுக்கியோ, மேலே எஃகுக் கம்பிவடம் கொடுத்தோ காப்பாற்றலாம். கம்பியை மரத்தைச் சுற்றிக் கட்டக்கூடாது, அது இறுகிக் கழுத்தை நெரிக்கும். துளையிட்டுப் போல்ட் போட்டுத்தான் இணைக்க வேண்டும். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் கெட்டிக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகல் முற்றிவிட்டது.

மாறாக, பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்காக மரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆவணி, புரட்டாசிக்குமேல் வேப்பமரத்தின் நுனிகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகக் கருகுவதைச் சில ஆண்டுகளாகப் பலரும் பார்க்கிறார்கள். தேயிலைக் கொசுப் பூச்சி சாறு உறிஞ்சுவதும், அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. மரம் பட்டுவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான மரங்கள் பங்குனிக்குள் திரும்பவும் துளிர்த்துவிடுகின்றன. நகத்தால் குச்சியைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. எட்டும் உயரத்துக் காய்ந்த நுனிகளைக் கழித்துவிட்டுக் கோடை வரை பொறுங்கள்.

ஆட்களிடம் வேலை வாங்கும் முறையை மாற்றாமல் எதுவும் மாறாது. "கூலி கொஞ்சம் குறைச்சுக்கோங்க, விறகை நீங்களே எடுத்துக்கோங்க" என்ற பேரம்தான் மரத்துக்கு முதல் எதிரி. விறகே கூலியானால், பருத்த கொம்பை வெட்டத்தான் யாரும் பார்ப்பார்கள். குச்சி குச்சியாகக் காய்ந்ததை எடுப்பதில் அவருக்கு என்ன கிடைக்கும்? அவர்மேல் குறை சொல்லிப் பயனில்லை. முழுக் கூலியைக் கொடுத்து, செய்ய வேண்டியதை எழுதிக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக: மாடியைத் தொடும் கிழக்குக் கிளைகள் இரண்டை, அடுத்த நல்ல பக்கக்கிளை வரை குறுக்க வேண்டும், 3 செ.மீ.க்கு மேற்பட்ட காய்ந்த கிளை எல்லாம் எடுக்க வேண்டும்; உச்சியைத் தொடக்கூடாது; பச்சையில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது; ஏறுவதற்கு இரும்பு முள் பயன்படுத்தக்கூடாது; கூடு இருக்கும் கிளையை விட்டுவிட வேண்டும். வேலை தொடங்குமுன் வெட்ட வேண்டிய கிளைகளில் சுண்ணாம்பால் குறி வைத்துவிட்டால் பேச்சு மாறாது.

ஏறுபவரின் உயிர் அதைவிட முக்கியம். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் அரிவாளைச் செருகி, வெறும் காலோடு 40 அடி உயரத்தில் ஒருவர் நிற்பதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐஎஸ் 2925 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள தலைக்கவசம், ஐஎஸ் 3521 முத்திரையுள்ள உடல் பட்டை, மேல் கவட்டில் போட்ட தனி உயிர்க்கயிறு இவை இல்லாமல் ஏறவிடாதீர்கள். செயின் சாவை ஏணியில் நின்றோ, ஒற்றைக் கையாலோ, தோளுக்கு மேலே தூக்கியோ ஓட்டக்கூடாது. நுனிச் சங்கிலி கட்டையில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். கனமான கொம்பைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். கீழே, கொம்பின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடத்தைக் காலியாக வைக்க வேண்டும். மின்கம்பிக்கு 10 அடிக்குள் வேலை இருந்தால் மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் தொடங்க வேண்டும். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்யலாம். மூங்கில் கழியும் பச்சைக் கிளையும் ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும், "கட்டைதானே" என்ற நினைப்பில் போன உயிர்கள் பல.

மரத்தை அடியோடு எடுக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சென்னை மாநகராட்சிக்குத் தொலைபேசி எண் 1913. சொந்த இடத்தில் நின்றாலும் சந்தன மரத்தை வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

புதிதாக நடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. நர்சரிப் பையைக் கிழித்ததும் வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டதை வெட்டிவிட்டு, வேர் பிரியும் இடம் தரைமட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். ஆழமாக நட்டால் நன்றாகப் பிடிக்கும் என்பது தவறு. ஊன்றுகோலை இறுக்கிக் கட்டாமல், தண்டு சற்று அசையும்படி கட்டி, ஓர் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். அசைவுதான் அடித்தண்டைப் பருக்க வைக்கிறது.

ஏற்கெனவே மொட்டையடிக்கப்பட்ட மரம் வீட்டில் இருந்தால், அதையும் மெதுவாகத் திருத்த முடியும். முதல் ஆண்டு எதையும் வெட்டாமல் விடுங்கள், மரத்துக்கு அந்த இலை முழுதும் தேவை. இரண்டாம் ஆண்டு ஆடியில், ஒவ்வொரு கொம்பிலும் நல்ல இடைவெளியில், வெளிநோக்கி வளரும் இரண்டு மூன்று துளிர்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மீதி. தேர்ந்தெடுத்தவை வேகமாக நீண்டால் நுனியைப் பக்கக்கிளை வரை குறுக்கிவிடுங்கள். கொம்பின் மேல்பகுதி மக்கியிருந்தால், நல்ல கட்டையும் வலுவான துளிரும் சேரும் இடம் வரை அதை இறக்கி வெட்டலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மரத்துக்குப் பழையபடி ஓர் உருவம் கிடைக்கும். அந்தக் கொம்புகளின் அடியை மட்டும் ஒவ்வொரு ஆவணியிலும் ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மரக் கவாத்துத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
சென்னை